கூழாங்கல் மேட்டுத் திராட்சை: போர்தோவில் ஐந்து நாள்

முதல் நாள், சனிக்கிழமை

காலையில் பாரிஸில் ஏறிய ரயில் இரண்டு மணி நேரத்தில், ஒயினுக்குப் பேர்போன போர்தோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டது. 2017ல் அதிவேகப் பாதை திறப்பதற்கு முன்னால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமாம். கம்பத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகும் நேரத்தைவிடக் குறைவு. ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்க்கக்கூட அவகாசம் தராத வேகம். எனக்கு அது பிடிக்கவில்லை.

இந்தப் பயணம் எதற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சொந்தக்காரர்கள் யாராவது படித்துவிட்டு வீட்டுக்கு போன் போடுவதற்குள். குடிப்பதற்காக வரவில்லை. நான் திராட்சைக்காரர் மகள். கம்பம் பள்ளத்தாக்கில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சைப் பந்தல் இருக்கிறது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கொடி என்று ஊரில் சொல்வார்கள். 2023ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு வந்து என்ன, போன வெட்டில் வியாபாரி கிலோ முப்பது ரூபாய்க்கு மேல் ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

ஏழு மாதமாக பாரிஸில் வேலை. போன மாதம் அலுவலகத்தில் பெரியவர் ஒருவர் ஓய்வு பெற்றார். அன்றைக்கு ஒரு பாட்டிலைத் திறந்தார்கள். அதன் லேபிளில் கோபுரம் வைத்த ஒரு கட்டடம் இருந்தது. ஐரோப்பியக் கட்டடம் மாதிரியே இல்லை. பெயர் கோஸ் தெஸ்தூர்னெல். "இது ஒரு காலத்தில் உங்க ஊருக்குக் கப்பலில் போன ஒயின்" என்றார் அவர். ஒரு பாட்டில் நூறு யூரோவுக்கு மேல். மனசுக்குள் கணக்குப் போட்டேன். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திராட்சை வேண்டும். அப்பாவின் ஒரு கிலோ முப்பது ரூபாய், இந்த ஒரு கிலோ பத்தாயிரம் ரூபாய். நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் தீபாவளிக்கு ஊருக்குப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

மத்தியானம் கரோன் ஆற்றங்கரையில் நடந்தேன். ஆறு என்றால் நீலமாக இருக்கும் என்று எதிர்பார்த்து வராதீர்கள். மழைக்காலத்து முல்லைப் பெரியாறு மாதிரி செம்மண் கலங்கல். கடலிலிருந்து ஏற்றம் வரும்போது தண்ணீர் மேல்நோக்கிப் போகிறது. காலையில் ஒரு பக்கம் மிதந்து போன கட்டை சாயங்காலம் எதிர்ப்பக்கமாக வருவதைப் பார்த்தேன். 1822ல் முடித்த கல் பாலம், பதினேழு வளைவு. அதன் மேல் டிராம் ஓடுகிறது.

பேக்கரியில் கனெலே வாங்கினேன். கட்டைவிரல் உயரத்துக்கு, வெளியே கருகிய வெல்லம் மாதிரி மொறுமொறுப்பு, உள்ளே பால்கோவாவுக்கும் இட்லிக்கும் நடுவே ஒரு பதம். ஒயினைத் தெளிய வைக்க முட்டை வெள்ளைக்கருவை அடித்துப் பீப்பாயில் விடுவார்கள், மிஞ்சிய மஞ்சள்கருவில் பிறந்த பலகாரம் இது என்று கடைக்காரம்மா சொன்னார். கதையோ நிஜமோ, மூன்று சாப்பிட்டேன்.

ராத்திரி வீடியோ அழைப்பில் அப்பா. "என்னத்தா, சாப்டியா? எந்தத் தோட்டத்துக்குப் போற?"

"கோஸ் தோட்டம்ப்பா."

"முட்டைக்கோஸா? அதுக்கா அம்புட்டுத் தொலவு போன?"

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

பாதிக் கடை பூட்டு. ஷார்த்ரோன் கரையில் ஞாயிறு சந்தை மட்டும் களைகட்டியிருந்தது. காலை பத்து மணிக்கே ஆட்கள் நின்றபடி சிப்பியை எலுமிச்சை பிழிந்து பச்சையாக விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நான் வேடிக்கை பார்த்ததோடு சரி.

ஷார்த்ரோன் என்பது நம்மூர் பாஷையில் சொன்னால் கமிஷன் மண்டித் தெரு. ஒயின் வியாபாரிகளின் பழைய வீடுகள், கிடங்குகள். முகப்பு குறுகல், உள்ளே ஆழம். ஆற்றிலிருந்து பீப்பாயை உருட்டிக்கொண்டுபோக வசதி. இங்கே ஏற்பாடு எப்படி என்றால், பெரிய தோட்டக்காரர்கள் நேராக நமக்கு விற்பது குறைவு. தோட்டத்துக்கும் வியாபாரிக்கும் நடுவில் ஒரு தரகர், அவருக்கு இரண்டு சதவீதம். வியாபாரி உலகம் முழுக்க அனுப்புவார். அதுவும் பாட்டிலில் அடைத்த பிறகு இல்லை. இலையுதிர் காலத்தில் வெட்டிய திராட்சை அடுத்த வசந்தத்தில் பீப்பாயில் இருக்கும்போதே ருசி பார்த்து, விலை பேசி, பணம் கைமாறிவிடும். சரக்கு கைக்கு வர இன்னும் ஒன்றரை, இரண்டு வருஷம். மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுவது மாதிரிதான். ஒரு வித்தியாசம், இங்கே முதல் விலையைச் சொல்வது தோட்டக்காரர்.

1855ல் பாரிஸில் உலகக் கண்காட்சி. மூன்றாம் நெப்போலியன் காலம். போர்தோ ஒயினைக் காட்சிக்கு வைக்க ஒரு தரவரிசை வேண்டுமென்று வணிகச் சபை ஏப்ரல் 5ம் தேதி தரகர்களுக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரல் 18ம் தேதி பட்டியல் தயார். பதின்மூன்றே நாள். இதற்காக யாரும் உட்கார்ந்து ருசி பார்த்து மார்க் போடவில்லை. இத்தனை வருஷமாக எந்தத் தோட்டத்துச் சரக்கு என்ன விலைக்குப் போகிறது என்பது தரகர்களுக்கு அத்துப்படி. அதை வைத்து ஐந்து வகுப்பாகப் பிரித்துவிட்டார்கள். சிவப்பில் முதல் வகுப்பு நாலே நாலு: லாஃபித், லத்தூர், மார்கோ, ஓ பிரியோன். கோஸ் இரண்டாம் வகுப்பு.

அந்தப் பட்டியல்தான் இன்றைக்கும். முதல் இரண்டு வகுப்பில் இதுவரை நடந்த ஒரே மாற்றம் 1973ல் மூத்தோன் ரோத்ஷீல்ட் இரண்டாம் வகுப்பிலிருந்து முதலுக்கு ஏறியது. உத்தரவில் கையெழுத்துப் போட்ட விவசாய அமைச்சர் ழாக் ஷிராக், பின்னாளில் ஜனாதிபதி ஆனவர். நடுவில் தோட்டங்கள் விற்கப்பட்டன, பங்கு பிரிந்தன, பக்கத்து நிலம் வாங்கிச் சேர்த்தார்கள். வகுப்பு மட்டும் மாறவில்லை. முன்னோர் எடுத்த மார்க்கைக் காட்டி இன்னும் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள். எனக்கு இது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஒயின் அருங்காட்சியகம் போனேன். கண்ணாடிக் குடுவையில் ஒயினைச் சுழற்றினால் வரும் வளைவு மாதிரி ஒரு கட்டடம். எட்டாவது மாடியில் நின்றால் ஆறு வளைந்து போவது தெரிகிறது. கால் வலி. தூங்கப் போகிறேன்.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், வடக்கே போயாக். மெதோக் என்று சொல்லும் நீளமான நிலப்பட்டையின் நடுவில் இருக்கிற சின்ன ஊர். ஒரு பக்கம் பைன் காடு, அதைத் தாண்டினால் அட்லாண்டிக். இன்னொரு பக்கம் ஜிரோந்த் கழிமுகம், கரோனும் தோர்தோஞும் சேர்ந்து ஓடும் அகன்ற நீர். அக்கரை மங்கலாகத்தான் தெரிகிறது.

வாடகை சைக்கிள் எடுத்தேன். முதலில் தெற்கே, சேன் ழுலியான் பக்கம். காரணம் பின்னால். வழியில் ஒரு தோட்டத்து வாசலில் கேட் திறந்திருந்ததால் உள்ளே போய்விட்டேன். ஒரு ஆள் ஓடி வந்து கையை ஆட்டி விரட்டினார். அறுவடை நேரம், முன்பதிவு இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாதாம். நியாயம்தான். ஆனால் மாடு விரட்டுவது மாதிரி விரட்டியிருக்க வேண்டாம்.

சரி, ரோட்டிலிருந்தே பார்த்தேன். பார்த்ததும் முதலில் தோன்றியது: பந்தல் எங்கே? நம் ஊரில் தலைக்கு மேலே கல்தூணும் கம்பியுமாகப் பந்தல், அடியில் நிழல், குனிந்து நடந்து அண்ணாந்து வெட்ட வேண்டும். இங்கே இடுப்புயரத்துக்குக் கத்தரித்த வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கொடி. கொத்து தொங்குவது முழங்கால் உயரத்தில். வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் குனிந்தே இருக்கிறார்கள். எங்களுக்குக் கழுத்து வலி, இவர்களுக்கு இடுப்பு வலி.

மீட்டருக்கு ஒரு செடி என்று நெருக்கி நட்டிருக்கிறார்கள், ஹெக்டேருக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம். மண் என்று ஒன்றே கண்ணில் படவில்லை. எல்லாம் கூழாங்கல். முட்டையளவு, கோலிக்குண்டு அளவு, வெள்ளையும் தேன் நிறமும். ஆறுகள் பல லட்சம் வருஷத்துக்கு முன்னால் மலையிலிருந்து உருட்டிக்கொண்டுவந்து கொட்டியவை. மழைத் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும், பகல் வெயிலைக் கல் வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடுக்கும். வேருக்கு மேலே எதுவும் கிடைக்காது, ஆழமாகப் போய்த்தான் தேட வேண்டும். நெல், கோதுமை எதற்கும் ஆகாத இந்த நிலத்தில்தான் உலகத்தின் விலை உயர்ந்த திராட்சை. பள்ளத்தில் இருந்த சதுப்பை 17ம் நூற்றாண்டில் டச்சுப் பொறியாளர்களை அழைத்து வந்து வாய்க்கால் வெட்டி வடித்திருக்கிறார்கள்.

இப்போது அந்தக் காரணம். அப்பா தோட்டத்தில் சாம்பல், செவட்டை என்று எந்த நோய் வந்தாலும் முதலில் கை போவது போர்டோ கலவைக்குத்தான். ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். இரும்புப் பாத்திரத்தில் கரைக்கக் கூடாது. கலந்த பிறகு அரிவாள் நுனியை முக்கிப் பார்ப்பார். நுனியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் கொஞ்சம் ஊற்ற வேண்டும். சின்ன வயதில் என் பள்ளிப் பாவாடையில் அந்த நீலக் கறை இல்லாத நாள் குறைவு. போர்டோ என்பது மருந்துக் கம்பெனி பெயர் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது இந்த ஊர்! 1878 வாக்கில் அமெரிக்காவிலிருந்து அடிச்சாம்பல் நோய் பிரான்சுக்கு வந்து கொடிகளை மொட்டையடித்துக்கொண்டிருந்தது. 1882ல் போர்தோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் அலெக்ஸி மில்லார்தே, சேன் ழுலியானில் தூக்ரு போகாயு தோட்டத்து வழியாக வந்தார். தோட்டமே இலை உதிர்ந்து நிற்க, பாதையோரத்துச் செடிகளில் மட்டும் இலை பச்சையாக இருந்தது. விசாரித்தால், போகிற வருகிறவர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, விஷம் மாதிரித் தெரியட்டும் என்று மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து ஓரச் செடிகளில் தெளித்து வைத்திருந்தார்களாம். திருடனை விரட்டப் போட்டது பூஞ்சாணத்தை விரட்டியிருக்கிறது. சோதனை செய்து 1885ல் உலகத்துக்குச் சொன்னார் மில்லார்தே.

அந்தத் தோட்டத்தின் ஓரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்பாவுக்கு வீடியோ போட்டேன். அவர் ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. "கேமராவைக் கொஞ்சம் கீழ காட்டுத்தா" என்றார். காட்டினேன். "இலைல இன்னமும் நீலம் இருக்கு பாரு" என்றார். இருந்தது. நான் கவனிக்கவில்லை.

திரும்பும்போது டயர் பஞ்சர். நாலு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்தேன். லத்தூரின் குட்டைக் கோபுரத்தைத் தாண்டும்போது சூரியன் இறங்கியது. அழகாக இருந்தது என்று எழுத வேண்டும், ஆனால் அப்போது என் மனசில் பஞ்சர் கடை மட்டும்தான் இருந்தது.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

கோஸ். மூன்று வாரம் முன்பே பதிவு செய்திருந்தேன்.

போயாக்கிலிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர் போல. வழியில் மூத்தோன், அப்புறம் லாஃபித். லாஃபித் முன்னால் குளம், அழுகிற மாதிரி கிளை தொங்கும் மரங்கள். அதைத் தாண்டியதும் ரோடு பள்ளத்தில் இறங்குகிறது. ஒரு ஓடை, புல்வெளி. ஓடைக்கு இந்தப் பக்கம் போயாக், அந்தப் பக்கம் சேன்ட் எஸ்தேஃப். ஒரு நிமிஷம் பெடல் மிதித்து மேடேறினால் திடீரென்று கண் முன்னால் மூன்று பகோடா கோபுரம்.

எப்படிச் சொல்வது? நம் கோயில் கோபுரமும் இல்லை, சீனக் கோயிலும் இல்லை, முகலாயக் கட்டடமும் இல்லை. கிழக்குத் தேசங்களை நேரில் பாராமல், கேட்டதை வைத்து யாரோ வரைந்த மாதிரி. தேன் நிறக் கல், மாடங்கள், மணிகள், யானைச் சிலை. வாசலில் மரவேலைப்பாடு நிறைந்த பெரிய கதவு, சான்சிபார் சுல்தானின் அரண்மனையிலிருந்து வந்தது என்கிறார்கள். சுற்றிலும் கல் வீடும் சர்ச் கோபுரமுமாக இருக்கிற பிரெஞ்சுக் கிராமத்துக்கு நடுவில் இது. முதலில் சிரிப்பு வந்தது. சுற்றி வந்து பார்த்தால் வேறொன்று தெரிந்தது: இது வீடே இல்லை. யாரும் இதில் குடியிருந்ததில்லை. ஒயின் வைக்கிற கிடங்குக்குத்தான் இத்தனை கோபுரம்.

கட்டியவர் லூயி கஸ்பார் தெஸ்தூர்னெல். 1762ல் பிறந்தவர். 1791ல் இந்த மேட்டில் கொஞ்சம் திராட்சை நிலம் கைக்கு வந்தது. கோஸ் என்றால் பழைய கஸ்கோன் பேச்சில் கூழாங்கல் மேடு என்று பொருள். தன் மேட்டுத் திராட்சை ஓடைக்கு அந்தப் பக்கத்து லாஃபித்துக்குச் சளைத்ததில்லை என்று அவருக்கு நம்பிக்கை. வியாபாரிகளை நம்பாமல் தானே கப்பலேற்றித் தூர தேசங்களுக்கு அனுப்பினார், இந்தியா உட்பட. ஒருமுறை அங்கே விற்காமல் திரும்பி வந்த சரக்கைத் திறந்து பார்த்தபோது போனதைவிட நன்றாக இருந்ததாம். அதிலிருந்து "இந்தியாவிலிருந்து திரும்பியது" என்று அடையாளம் போட்டே விற்றிருக்கிறார். அக்கம்பக்கத்தில் அவருக்கு சேன்ட் எஸ்தேஃப் மகாராஜா என்று பட்டப் பெயர். பூமத்திய ரேகையை நாலு முறை தாண்டி, கப்பலின் அடித்தட்டில் மாதக்கணக்கில் வெந்த ஒயின் எப்படி நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் விற்காமல் திரும்பி வந்த சரக்கையே பெருமையாக்கி விற்ற ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

சுற்றிக் காட்டிய பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நன்றாக ஆங்கிலம் பேசினாள். எங்களோடு ஒரு பெல்ஜியத் தம்பதி. உள்ளே போனதும் 19ம் நூற்றாண்டு மறைந்துவிடுகிறது. 2008ல் கட்டிய புது நொதிக்கூடம், ழான் மிஷேல் வில்மோத் என்ற கட்டடக்கலைஞர் வடிவமைத்தது. எழுபத்திரண்டு எஃகு அண்டாக்கள், எல்லாம் கூம்பு வடிவம். தோட்டத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துப் பழத்தையும் தனித்தனி அண்டாவில் போடுவதற்காக இத்தனை. விசேஷம் என்னவென்றால், பம்ப் கிடையாது. பழமும் சாறும் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குத் தன் எடையிலேயே இறங்க வேண்டும். மேலே ஏற்ற வேண்டுமென்றால் தொட்டியோடு சேர்த்து லிஃப்டில் ஏற்றுகிறார்கள். பம்ப் அடித்தால் விதை நசுங்கிக் கசப்பு இறங்குமாம். மிக்ஸியில் அரைத்த மாவுக்கும் உரலில் ஆட்டிய மாவுக்கும் உள்ள வித்தியாசத்தை எங்கள் அப்பத்தா சொல்வாள், அதே பேச்சு.

வெளியே கேபர்னே சோவின்யோன் ரகத் திராட்சை வெட்டு நடந்துகொண்டிருந்தது. மெர்லோ ரகத்தை முன்னமே வெட்டி முடித்துவிட்டார்களாம். ஒரு பழம் தின்னக் கொடுத்தாள். பட்டாணி அளவு. தோல் தடிமன், உள்ளே விதையும் கொஞ்சம் சாறும். இனிப்புதான், ஆனால் மெல்ல மெல்லத் தோலின் துவர்ப்பு நாக்கை இழுத்துப் பிடித்தது. பன்னீர் திராட்சையின் வாசம் இதில் துளிகூட இல்லை. சாப்பிடுகிற பழமாக வைத்தால் எங்கள் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இந்தத் தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன, ஒயின் இருபது முப்பது வருஷம் நிற்பது அதனால்தான் என்றாள்.

நான் கேட்டேன், ஒரு செடிக்கு எவ்வளவு காய்க்க விடுவீர்கள் என்று. அவள் சொன்னதும் நான் திரும்பக் கேட்டேன், தப்பாகக் காதில் விழுந்ததோ என்று. ஒரு செடிக்கு ஒரு பாட்டில்கூடத் தேறாது. ஜூலையில் காய் பச்சையாக இருக்கும்போதே அதிகமாகத் தெரியும் கொத்துகளை வெட்டி மண்ணில் போட்டுவிடுவார்கள், மிச்சக் கொத்துக்குச் சத்துப் போகட்டும் என்று. அப்படியும் வெட்டி வந்ததில் ஒரு பங்கு முதல் ஒயினுக்கு ஆகாது என்று ஒதுக்கி பகோத் தெ கோஸ் என்ற இரண்டாம் பெயரில் போகும். தண்ணீர் பாய்ச்சுவது கிடையாது. வருஷத்துக்கு ஒரு வெட்டு, அவ்வளவுதான்.

ராத்திரி இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை. எங்கள் தோட்டத்தில் இரண்டு வருஷத்துக்கு ஐந்து வெட்டு. கவாத்து அடித்தால் நாலு மாதத்தில் பழம். ஒரு வெட்டுக்கு ஏக்கருக்கு நாலஞ்சு டன்.

"பிஞ்சுக் கொத்தை வெட்டி மண்ணுல போடுறதா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னது?"

"நல்லா வெலை போகுதுல்லப்பா."

"வெலை போகுதுன்னு தெரிஞ்சாத்தானத்தா வெட்டிப் போட முடியும். நான் வெட்டிப் போட்டா எனக்கு யார் குடுப்பா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. நேற்றைக்கு முந்தினநாள் அந்தப் பட்டியலைப் பற்றி எரிச்சலோடு எழுதினேன். அது வெறும் பழம்பெருமை என்று நினைத்தேன். அடுத்த வருஷமும் விலை இருக்கும் என்ற தைரியமும் அதில்தான் இருக்கிறது போல. அந்தத் தைரியத்தில்தான் பாதியை வெட்டிப் போட முடிகிறது.

கடைசியில் ருசி. பீப்பாய் அறைக்குப் பக்கத்தில் மேஜை. ஒவ்வொரு பீப்பாயும் 225 லிட்டர், முந்நூறு பாட்டில். பாதிக்கு மேல் புது ஓக் மரப் பீப்பாய். மேஜையின் ஓரத்தில் துப்புவதற்கு ஒரு பாத்திரம். எங்கள் தாத்தா வெற்றிலை போட்டுவிட்டுத் துப்பிய பித்தளைப் படிக்கம் ஞாபகம் வந்து, பெல்ஜியக்காரர் நாசூக்காகத் துப்பியபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

முதலில் பகோத். அப்புறம் கோஸ் 2014. நிறம் நன்றாகப் பழுத்த நாவல் பழத் தோல். மூக்கருகே கொண்டுபோனால் முதலில் ஒன்றுமில்லை, கிளாஸைச் சுற்றியதும் எழுந்தது: மழை பட்ட மரம், பென்சில் சீவினால் வரும் வாசம், கருப்புப் பழம் ஏதோ ஒன்று. "இந்திய மசாலா வாசனை வருகிறதா? ஏலக்காய்?" என்று கேட்டாள் அந்தப் பெண். மற்றவர்கள் தலையாட்டினார்கள். அம்மா, நான் ஏலமலை அடிவாரத்தில் பிறந்தவள். ஏலக்காய் இதில் இல்லை. மிளகு இருக்கிறது, அதுவும் காய வைத்த மிளகு இல்லை, கொடியிலிருந்து பறித்த பச்சை மிளகு. சொன்னேன். அவள் மறுபடி முகர்ந்து பார்த்துவிட்டு ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு வாய். நாக்கில் முதலில் மிருது, பிறகு கொட்டைப் பாக்கு மென்ற மாதிரி ஈறெல்லாம் துவர்ப்பு, அது கரைந்து போகும்போது ஒரு மெல்லிய புளிப்பு. நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் கடைசியில் ஒன்று வருமே, அது மாதிரி ஒன்று வந்து நெடுநேரம் போகவில்லை. பத்தாயிரம் ரூபாய் ருசியா என்று கேட்டால் எனக்கு அதை அளக்கத் தெரியாது. துப்பவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கிளம்பும்போதுதான் அந்த மகாராஜாவின் கடைசிக் காலத்தைக் கேட்டேன். நிலம் வாங்கியும் கோபுரம் கட்டியும் கடன் ஏறிப் போனது. 1811லேயே ஒருமுறை தோட்டம் கைமாறி, பத்து வருஷம் கழித்துத் திரும்ப வாங்கியிருக்கிறார். 1852ல் மறுபடி கடனுக்காக லண்டன் வங்கிக்காரர் ஒருவருக்கு விற்க வேண்டியதாயிற்று. அடுத்த வருஷம் செத்துப் போனார், தொண்ணூறு வயது தாண்டி. பட்டியல் வந்தது 1855. சேன்ட் எஸ்தேஃபில் மோன்த்ரோஸோடு கோஸ் மட்டும் இரண்டாம் வகுப்பு. அவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ கை மாறி, 2000லிருந்து மிஷேல் ரெய்பியே என்ற தொழிலதிபர் வசம் இருக்கிறது.

அப்பாவிடம் இதைச் சொன்னேன். "கடன்ல போன தோட்டம்னு மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றார். மருந்துக் கடை பாக்கி பற்றி அம்மாவிடம் ஏதோ கேட்க எழுந்து போய்விட்டார்.

ஐந்தாம் நாள், புதன்கிழமை

மழை. வெட்டு நின்றுவிட்டது. தங்கியிருந்த வீட்டம்மா காலையிலிருந்து ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அவர் தம்பிக்கும் கொஞ்சம் திராட்சை நிலம் உண்டாம். பழுத்த பழத்தின் மேல் மழை விழுந்தால் என்ன கவலை என்று யாரும் எனக்கு மொழிபெயர்க்க வேண்டியதில்லை. தைக்கு முந்தின மழையில் எங்கள் பந்தலடியில் அழுகி விழுந்து கிடந்ததை அள்ளியிருக்கிறேன்.

மழை விட்டதும் சேன்ட் எஸ்தேஃப் துறைக்கு நடந்தேன். கழிமுகக் கரையில் கம்பங்கால் மேல் சின்னச் சின்ன மரக் குடிசைகள், அதிலிருந்து சதுர வலை தண்ணீருக்கு மேல் தொங்குகிறது. கொச்சி வலையின் தம்பி மாதிரி. அக்கரையில் ஒரு அணுமின் நிலையம். இந்தப் பக்கம் நூறு யூரோ ஒயின், அந்தப் பக்கம் அணு உலை. இதை யாரும் சுற்றுலா அட்டையில் போடுவதில்லை. இந்த அகலமான தண்ணீர்தான் ஏப்ரல் பனியிலிருந்து கரையோரத் தோட்டங்களைக் காப்பது. 2017ல் போர்தோ முழுக்கத் துளிர் கருகியபோது ஆற்றைப் பார்த்த தோட்டங்கள் பெரும்பாலும் தப்பின.

ஊர்ச் சதுக்கத்துக் கடையில் ஒரு பாட்டில் வாங்கினேன். கோஸ் இல்லை. அதே சேன்ட் எஸ்தேஃப், பட்டியலில் பெயர் இல்லாத ஒரு குடும்பத் தோட்டம், பதினெட்டு யூரோ. கடைக்காரர் பத்து வருஷம் வைத்துக் குடிக்கச் சொன்னார். சேலையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன்.

ரயில் ஏறியதும் அம்மாவிடமிருந்து போன். அப்பா சொல்லிவிட்டாராம். திட்டு விழும் என்று காதைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தேன்.

"பாட்டில் கருப்புக் கண்ணாடிதான?"

"பச்சைம்மா. ஏன்?"

"காலியானதும் தூக்கிப் போட்டுறாத. நல்லெண்ணெய் ஊத்தி வைக்க ஆகும்."

பத்து வருஷம் ஆகும் என்பதை இன்னும் சொல்லவில்லை.